அத்தான் பேச்சைக் கேட்டு நகராட்சிக்கு விட்ட வீடு

கரகண்டா,
செப்டம்பர் 9

பெருமதிப்பிற்குரிய தொக்தார் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் ஒராஸ்பெக் பணிவோடு எழுதுவது. உங்கள் குதிரைகள் நலமா, ஆடுகள் நலமா, அதற்கப்புறம் அக்காவும் நலமா? இங்கே எல்லோரும் நலம். உங்கள் யோசனையைக் கேட்ட நான் மட்டும் நலமில்லை.

"சும்மா கிடக்கிற வீட்டை நகராட்சிக்கு அஞ்சு வருஷக் குத்தகைக்கு விடுடா, வீடில்லாதவங்களை அவங்களே குடிவைப்பாங்க, நீ காலை நீட்டிக்கிட்டு டீ குடி" என்றது யார்? விட்டேன். கூல்யாஷ் என்ற விதவையை ஐந்து பிள்ளைகளோடு குடிவைத்தார்கள். பாவம், நல்ல பெண். ஆனால் என் மகன் தௌலெத்துக்கு முப்பத்திரண்டு வயதாகிறது. மூன்று இடத்தில் பெண் கேட்டோம். அப்பன் வீட்டு மூலையில் படுப்பவனுக்குப் பெண் இல்லை என்று மூன்று இடத்திலும் கைவிரித்துவிட்டார்கள். குத்தகை முடிய இன்னும் மூன்று வருஷம். அதற்குள் அவன் தலையில் முடி மிஞ்சாது. பெற்ற வயிறு என்று சொல்ல முடியாது, இருந்தாலும் எரிகிறது அத்தான்.

குடியிருப்பவர் வீட்டைக் கெடுத்தால், அதிகாரி முன்னிலையில் குறை சொல்லிக் குத்தகையை முறிக்கலாமாம். அதிகாரியைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். வாயைத் திறக்குமுன் அவள், "ஐயோ அண்ணே, வாசப்படிக்கு அந்தப் பக்கம் நின்னு பேசாதீங்க, ரெண்டு வீட்டுக்கும் ஆகாது!" என்றாள். நியாயம்தானே, உள்ளே போனோம். "ஒரு வாய் ரொட்டி பிட்டுப் போட்டுட்டு அப்புறம் திட்டுங்க." ரொட்டியை வேண்டாமென்று சொல்ல நானென்ன காட்டானா? தின்றேன். தின்ற வீட்டைக் குறை சொன்னால் வாய் கோணாதா? சுவர் முழுக்கப் பிள்ளைகள் கரியால் குதிரை வரைந்திருந்தார்கள். அதிகாரி "குறை ஏதாவது உண்டா?" என்று கேட்டார். "டீக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்றேன். அந்த மனுஷனும் மென்றுகொண்டே அதை எழுதிக்கொண்டார்.

இரண்டாம் முறை, உள்ளேயும் போவதில்லை, பேசுவதுமில்லை என்று சபதம். வாசலில் நின்று கையாலேயே காலி பண்ணச் சொன்னேன். எனக்குப் பக்கவாதம் என்று அலறி, அக்கம்பக்கத்தார் நாலு பேராகத் தூக்கி உள்ளே படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் பார்த்தால் ரொட்டி!

ஆகவே அத்தான், நீங்களே வரவேண்டும். நம் குடும்பத்தில் வெட்கம் மானம் பார்க்காத ஆள் நீங்கள் ஒருவர்தான். சனிக்கிழமை வந்து அவர்களைக் கிளப்பிவிடுங்கள்.

உங்கள் ஆயுள் நீளட்டும், ஆடுகள் பெருகட்டும், அக்கா கையால் அடி குறையட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்டுக் கெட்ட
ஒராஸ்பெக்

பி.கு: நேற்றுக் காலை கடிதத்தைத் தபாலில் போடுமுன், "நான் போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டு வரேன்" என்று தௌலெத் கிளம்பினான். மூன்று மணி நேரம் கழித்து, காது வரை சிரிப்போடு வந்தான். கூல்யாஷின் மூத்த மகள் ஐஸாதா, மருத்துவமனையில் நர்ஸ், அவளைத்தான் கட்டுவானாம். அவளுக்கும் சம்மதமாம்! எனவே யாரையும் கிளப்ப வேண்டாம், கொழுத்த ஆடாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். நேற்றே நானும் உங்கள் தங்கச்சியும் போய்ப் பேச்சை எடுத்துவிட்டோம். கூல்யாஷ் எங்களை விருந்தாளிக்குரிய மேலிடத்தில் உட்காரவைத்து, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, "எல்லாம் சரி சம்பந்தி, மாப்பிள்ளைக்குத் தனி வீடு இருக்கா?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த ரொட்டியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.