ஒரு நேரத்தில் ஒரு சத்தம்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், குக்கர் விசில் அடிப்பதற்கு முன்பு அனுமதி கேட்க வேண்டியிருந்த ஒரே தெரு எங்கள் தெருதான். அனுமதி கொடுத்தவர் சத்தக் கிளாக்கர். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். தபால்காரர்கூட அவரைச் சத்தக் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார், அதுவும் முணுமுணுப்பாக. உரக்கக் கூப்பிட்டால் அதற்கும் நேரம் பதியச் சொல்வாரே என்ற பயம்.

நான் அவரை முதலில் சந்தித்தபோது என் கையில் ஒரு சுத்தியல் இருந்தது. கலியாணமாகி மூன்றாம் மாதம். மனைவி சுகந்தி ஆஸ்பத்திரியில் தாதி, நான் பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன். வாடகைக்கு வந்த முதல் நாள், கலண்டர் மாட்டுவதற்காகச் சுவரில் ஆணியை வைத்து ஓர் அடி அடித்தேன். அடுத்த அடிக்குக் கை ஓங்குவதற்குள் வாசலில் ஒருவர் நின்றார். மடிப்புக் கலையாத காற்சட்டை, சேட்டுப் பையில் மூன்று பேனை, கக்கத்தில் ஒரு நீளப் புத்தகம்.

"எத்தினை ஆணி?" என்றார். வணக்கமும் இல்லை, நீங்கள் யார் என்ற விசாரிப்பும் இல்லை.

"மூண்டு."

"செங்கல்லோ, கொங்கிறீற்றோ?"

"செங்கல் எண்டு நினைக்கிறன்."

"அப்ப ஆணிக்கு ரெண்டு நிமிசம், மூண்டுக்கும் ஆறு. இப்ப மிளகாய் மில் ஓடுது, அடிக்க ஏலாது. பத்து நாப்பதுக்கு மில் நிக்கும். பத்து நாப்பத்தாறுக்கு மீன்காரன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருவான். இடையில அடிச்சு முடியுங்கோ."

புத்தகத்தில் எழுதி, ஒரு துண்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார். அதில் 'புது ஆள் - ஆணி 3' என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பத்து நாற்பதுக்குச் சொல்லிவைத்தாற்போல மில் நின்றதும் சிரிப்பும் நின்றது. ஆறு நிமிடத்தில் இரண்டு ஆணியும் என் பெருவிரலும் அடிபட்டன. நான் போட்ட 'ஐயோ'வுக்குத் துண்டு இல்லை. அதை அவர் கேட்காததுபோல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

பென்சன் எடுக்கும்வரை அவர் துறைமுகத்தில் இருந்தவர். எந்தக் கப்பல் எந்த இறங்குதுறையில் எத்தனை மணிக்குக் கட்ட வேண்டும், எத்தனை மணிக்கு அவிழ்க்க வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். பென்சனோடு கப்பல்கள் கையை விட்டுப் போயின, தெரு மிஞ்சியது. விறாந்தையில் கதிரையைப் போட்டுத் தெருவைப் பார்த்திருக்கிறார். கிண்ணியா நானா என்று நாங்கள் கூப்பிடுகிறவரின் மில் மிளகாய் அரைக்கிறது. சல்லிக் கிராமத்திலிருந்து வந்து குடியிருக்கிற எஞ்சின் அண்ணை, வள்ளத்து எஞ்சினைத் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் இறக்கி உறுமவிடுகிறார். ரியூசன் மாஸ்டர் மைக்கில் கணக்குச் சொல்கிறார். ரொட்டி விற்கிற பாண் ஓட்டோ பாட்டுப் போடுகிறது.

"ஒரே துறையில நாலு கப்பல் முட்டிக்கொண்டு நிண்டமாதிரி இருந்தது, தம்பி. எனக்கு நெஞ்சடைச்சிட்டுது," என்று பின்னாளில் சொன்னார்.

பென்சன் எடுத்த அடுத்த கிழமையே அவருடைய கேற்றில் ஒரு கரும்பலகை தொங்கியது. காலை ஆறு மணி தொடக்கம் இரவு எட்டு மணிவரை கட்டம் கட்டமாகக் கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சத்தம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் சத்தத்துக்கு எதிரி இல்லை, இரண்டு சத்தத்துக்குத்தான் எதிரி. "சத்தம் போடுறது உங்கட உரிமை," என்பார். "ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்தில போட்டா ஒருத்தற்ற சத்தமும் உருப்படியாக் கேக்காது." பழுதாகிற சரக்குக்கு முதலிடம் என்பது துறைமுக வழக்கம். ஆகவே மீனும் பாணும் எங்கள் தெருவில் ராசாக்கள். கோவிலடியிலிருந்து ஊருக்குள் உலாத்திக்கொண்டு வருகிற மான்கள் மட்டும் புத்தகத்தில் இல்லை. அவை சத்தம் போடுவதில்லை. அவரைப் பொறுத்தவரையில் தெருவிலேயே ஒழுங்கான பிரசைகள் அவைதான்.

ஒருநாள் எஞ்சின் அண்ணைக்கும் மனைவிக்கும் சண்டை. இரண்டு பேரும் நல்ல குரல்வளம் உள்ளவர்கள். சத்தக் கிளாக்கர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையள், இப்ப ரியூசன் நேரம். அஞ்சு இருவதுக்குப் பத்து நிமிசம் வெறுமையாக் கிடக்கு. போடட்டோ?"

"போடுங்கோ ஐயா! இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாக்கிறன்!" என்றார் அண்ணை.

ஐந்து இருபதுக்கு அவர்கள் இருவரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டு, எதற்காகச் சண்டை பிடித்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். கிளாக்கர் மணிக்கூட்டோடு வந்து நின்றார். "என்ன பேசாமல் இருக்கிறியள்? ஒதுக்கின நேரம் போகுது, தொடங்குங்கோ!" வேறு வழியில்லாமல் அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பத்து நிமிடம் ஆளையாள் ஏசினார்கள். முடிந்ததும் அவர் புத்தகத்தில் சரி போட்டார்.

இன்னொரு நாள் யாரோ எழுதிப்போட்ட மனுவை விசாரிக்க ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வந்தார். எந்த அதிகாரத்தில் இவர் துண்டு கொடுக்கிறார் என்பது கேள்வி. கேற்றடியில் மோட்டார்சைக்கிள் ஹோர்னை அடித்தார். கிளாக்கர் வெளியே வந்து முதலில் அந்த ஹோர்னுக்கு ஒரு துண்டு எழுதினார். உத்தியோகத்தர் கரும்பலகையை மேலிருந்து கீழாக வாசித்தார், பிறகு கீழிருந்து மேலாக வாசித்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "ஐயா, எங்கட குவாட்டஸ் பக்கமும் ஒருக்கா வந்து பாப்பியளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவும் எனக்கு நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது, சுகந்திக்கு நைட் டியூட்டி விழும்வரை.

அவள் காலை எட்டரைக்கு வீட்டுக்கு வந்து படுப்பாள். ஒன்பதுக்கு மில். பத்து நாற்பதுக்கு யாராவது ஒருவருடைய ஆணி. பிறகு மீன். பதினொன்றுக்கு எஞ்சின். பன்னிரண்டுக்கு எல்லாக் குசினிகளின் குக்கரும் வரிசைப்படி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தி இந்தத் தெரு எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் களைத்துப்போய்க் கிடக்குமாம். கிளாக்கர் அந்த இடைவெளிகளை எல்லாம் நிரப்பிவிட்டார். வெறுமையாகக் கிடக்கிற இறங்குதுறை நாட்டுக்கு நட்டம் என்று ஆயுள் முழுக்கப் பழகியவர். சத்தங்கள் ஒன்றையொன்று முட்டவில்லை. ஒன்று விட்ட இடத்தில் அடுத்தது தொடங்கியது. விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை எங்கள் தெருவில் ஒரு நிமிட அமைதி கிடையாது.

இரண்டு கிழமையில் சுகந்தி தேத்தண்ணிக்கு உப்புப் போட்டாள். அலுமாரியில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். ஒருநாள் காலை சீருடையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"நேற்று ஒரு மருந்துச் சீட்டை மூண்டு தரம் வாசிச்சனான். அப்பதான் விளங்கினது. ஒருநாளைக்கு மூண்டு தரம் வாசிக்காம குடுத்திட்டன் எண்டா? எனக்குப் பயமாக் கிடக்கு. நான் வேலையை விடப்போறன்."

ஈச்சிலம்பற்றில் இருக்கிற அவளுடைய குடும்பத்தில் முதல் அரச உத்தியோகம் அவளுடையது. சீருடையைத் தானே தோய்த்து, தானே மினுக்குவாள், என்னைத் தொடவிடமாட்டாள். அந்த வேலையை விடுகிறேன் என்று அவள் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

நேரே கிளாக்கரிடம் போனேன். விசயத்தைச் சொன்னேன். அவர் கரும்பலகையைக் காட்டினார்.

"என்ர பலகையில பிழை இல்லை, தம்பி. ரெண்டு சத்தம் முட்டின இடம் ஒண்டைக் காட்டுங்கோ, இப்பவே கழட்டுறன்."

"முட்டாததுதான் ஐயா பிழை!" என்று கத்திவிட்டேன்.

அவர் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோபக்காரனான நான் வீட்டுக்கு வந்து, வேறு வீடு பார்க்க வேண்டும் என்று குதித்தேன்.

மறுநாள் சுகந்தி, டியூட்டி முடிந்து வந்த கையோடு, தோளில் பையுடன் அவருடைய விறாந்தைக்குப் போனாள். என்ன நடக்கப்போகிறதோ என்று நானும் பின்னால் போனேன்.

"ஐயா, எனக்கு ஒரு நேரம் பதியவேணும்."

அவருக்கு முகம் மலர்ந்தது. முந்திய நாள் கோபத்தை மறந்து பேனையை எடுத்தார். "இருங்கோ பிள்ளை. என்ன சத்தம்?"

"நித்திரை."

பேனை நின்றது. "அதுக்குச் சத்தம் இல்லையே."

"இல்லை ஐயா."

"பிறகேன் பதியிறியள்?"

"உங்கட புத்தகத்தில பதிஞ்சாத்தானே இந்தத் தெருவில ஒரு வேலை நடக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறு மணித்தியாலம்."

எந்தக் கொம்பனுக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கொடுக்காத மனிதர் அவர். பக்கங்களைப் புரட்டினார், கோடு போட்டார், அழித்தார். நிமிர்ந்து பார்த்தபோது, சுகந்தி மடியில் பையை வைத்தபடி அந்தக் கதிரையிலேயே நித்திரையாகிப் போயிருந்தாள். அவர் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். மணி சரியாக ஒன்பது. மில் தொடங்கியது. அவள் திடுக்கிட்டு எழும்பி, "எந்தக் கட்டில்? எந்தக் கட்டில் நோயாளி?" என்று பதறினாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், பிறகு கரும்பலகையில் ஒன்பது மணிக் கட்டத்தைப் பார்த்தார்.

இரண்டு நாள் அவர் வெளியே வரவில்லை. தெருவில் யார் யாரோ துண்டு இல்லாமல் ஆணி அடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சிவப்புத் துணியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கிடைச்சிட்டுது, தம்பி. பற்றி எரியிற சாமான் ஏத்தின கப்பல் கட்டினால் சிவப்புக் கொடி போடுவினம். பக்கத்துத் துறைகளைச் சும்மா விடவேணும். ஒருத்தரும் கிட்டப் போகேலாது. பிள்ளையை அந்த வகையில போட்டிட்டன்."

"சுகந்தியையோ? ஆபத்தான சரக்கு எண்டோ?"

"ரெண்டு கிழமை நித்திரை இல்லாத பொம்பிளை, தம்பி. வேற எதில போடுறது?"

புருசன் என்ற முறையில் எனக்கு அதை மறுக்க முடியவில்லை.

அன்றைக்கே வீடு வீடாகப் போனார். காலை ஒன்பதிலிருந்து மூன்றுவரை தெருவில் ஒரு சத்தமும் கூடாது. எல்லோரும் மூன்றுக்குப் பிறகு. கிண்ணியா நானா மிளகாய்த்தூள் படிந்த கண்ணிமையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"எனக்கென்ன, கிளாக்கர் ஐயா, மிளகாய் ஓடியா போகப்போகுது? மூணுக்கே அரைக்கிறன். ஆனா அந்த நேரம் எஞ்சினும் இருக்கு, ரியூசனும் இருக்கு. எல்லாம் ஒண்டா முட்டுமே. உங்கட சட்டம் என்னாகிறது?"

கிளாக்கர் பேனையைத் திறந்தார், மூடினார். "முட்டட்டும்," என்றார்.

அவர் அதைச் சொல்ல எவ்வளவு பாடுபட்டார் என்பது நானாவுக்கும் விளங்கியது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு எங்கள் கேற்றில் சிவப்புத் துணி ஏறியது. நான் அலுவலாக வெளியே போய்விட்டு நடுமத்தியானம் திரும்பி வந்தேன். தெருமுனையில், கொளுத்துகிற வெயிலில் கிளாக்கர் நின்றார். பாண் ஓட்டோவை நிறுத்தி, எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகும்படி பாண்காரனுக்குச் சைகையால் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். கால் மாற்றிக் கால் மாற்றி வைத்தார். பார்த்தால் வெறுங்கால். செருப்பு இரண்டும் கையில்.

"ஐயா, ஏன் செருப்பைக் கழட்டினீங்கள்? றோட்டுச் சுடுதே!"

"மெல்லக் கதையுங்கோ," என்று காதோடு சொன்னார். "பழஞ்செருப்பு, தம்பி. நடந்தா டப்பு டப்பெண்டு அடிக்குது. ஒன்பது மணியிலயிருந்து இஞ்சைதான் நிக்கிறன்."

மூன்று மணிக்குத் துணி இறங்கியது. அடுத்த நொடி தெரு வெடித்தது. மில், எஞ்சின், மைக், பாண் ஓட்டோ, பன்னிரண்டு குக்கர், காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த ஆணிகள் எல்லாம் ஒன்றாக. கிளாக்கர் விறாந்தைக் கதிரையில் பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார்.

சுகந்தி முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண்ணைச் சுற்றியிருந்த கறுப்பு பாதி போயிருந்தது. நான் அவருடைய காலைப் பற்றிச் சொன்னேன். மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். விறாந்தை நிலத்தில் உட்கார்ந்து அவருடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டிலும் கொப்புளம். அவர் காலை இழுத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மில் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார், அதுவும் கேட்கவில்லை. கடைசியில், அந்தத் தெருவில் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனிதர், அடிவயிற்றிலிருந்து ஒரு கத்துக் கத்தினார்:

"நல்லா நித்திரை வந்ததோ எண்டு கேட்டனான்!"

"ஓம் ஐயா!" என்று அவளும் கத்தினாள், மருந்து பூசியபடி. "ஆறு மணித்தியாலமும்!"

சுகந்தி வேலையை விடவில்லை. இப்போது புதிதாக வருகிற தாதிமாருக்கு அவள்தான் வேலை பழக்குகிறாள். போன மாதம் சாம்பல்தீவுப் பக்கம் ஒரு நல்ல வீடு வந்தது. கடற்காற்று, மாமரம், பக்கத்தில் மில் இல்லை, ரியூசன் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். வேண்டாம் என்று வீட்டுக்காரருக்குச் சொல்லிவிட்டோம். கிளாக்கர் இல்லாத தெருவில் சுகந்திக்கு நித்திரை வருமோ தெரியாது. எனக்கு வராது.