ஊசி அட்டையும் நாலு புது ஆணியும்

ஊர் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு புருஷன் இருப்பானாம். புருஷன் என்று ஒருவன் இருந்தால் அவனிடம் ஒரு திட்டம் இருக்குமாம். அப்படி ஓர் ஊரில், படங்களுக்கு ஃப்ரேம் போடுகிறவர் ஒருவர் இருந்தார். மனைவியை விமானம் ஏறவிடாமல் செய்வது அவருடைய திட்டம்.

வெளிநாட்டில் இருந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அங்கே தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது. பச்சைக் குழந்தைக்கு ஊசி போடும் வயதில்லை. “ரெண்டு ஊசியும் போட்டுட்டு வாம்மா. இல்லேன்னா பிள்ளையைத் தொட விடமாட்டேன்” என்றாள் மகள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி; நாலு வாரம் விட்டு இன்னொன்று.

அப்பாவையும்தான் கூப்பிட்டாள். “கடையைப் போட்டுட்டு எப்படி வர்றது?” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி வற்புறுத்துவாள் என்று காத்திருந்தார். அவள் தனியாகப் போய் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, அதைக் குறித்துக் கொடுத்த அட்டையோடு வந்தாள்.

போனால் திரும்பி வர ஆறு மாசம்! வீடு இப்போதே காலியானது போலிருந்தது. ‘போகாதே’ என்று சொல்ல வாய் வரவில்லை. கை வந்தது. ஊசி அட்டையை எடுத்துக் கல்யாணப் படத்தின் பின்பலகைக்குள் வைத்து ஆணி அடித்துவிட்டார்.

“ஏங்க, ஊசி அட்டையைப் பாத்தீங்களா?”

“நான் ஏன் பாக்கறேன்? எனக்கா ஊசி?”

“அட்டை இல்லாம ரெண்டாவது ஊசி போட மாட்டாங்களே!”

“விடு. பிள்ளை எங்க ஓடிடப் போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

“அதுக்குள்ள அதுவே நடந்து இங்க வந்துடும்.”

அதற்குமேல் அவள் தேடவில்லை. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை; சீட்டியடித்தபடியே மரம் அறுத்தார்.

கிளம்பும் நாளும் வந்தது. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

“அட்டை இல்லாம எங்க கிளம்பிட்டே?”

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். இரண்டு ஊசி, இரண்டு முத்திரை.

“எப்படி...?”

“இருபத்தெட்டு வருஷமா அந்தப் படம் துருப்பிடிச்ச ஆணியோட கோணலா தொங்குச்சு. சரி பண்ணுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்! திடீர்னு நாலு புது ஆணி, மேல பாலிஷ் வேற! ஒளிச்சு வைக்கப் போன இடத்துல வேலை சுத்தம் பாக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

அவர் தரையைப் பார்த்தார். “நீயில்லாம இந்த வீட்டுல... நான் என்னடி பண்ணுவேன்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா உங்களுக்கும் ரெண்டு ஊசி போட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பேனே. இப்பப் போட ஆரம்பிச்சாலும் நாலு வாரம் ஆகும்.”

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.