தேவமணி டீச்சர் வீட்டுக்கு வந்த வைத்தியர்கள்

"கழுதைப்பால் கொண்டாந்திருக்கேன் டீச்சரம்மா. கறந்த சூடு ஆறுறதுக்குள்ள அய்யா குடிச்சிரணும்" என்று சொம்பும் கையுமாக வாசலில் நின்றார் சோணைமுத்து.

தேவமணி டீச்சர் சொம்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். அப்போதுதான் ஒருவர் நித்தியகல்யாணி வேரைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை திரும்பியிருந்தார்.

கட்டிலில் கிடந்த அவள் கணவர் செல்வநாயகம், சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். வயிற்றில் கட்டி. முற்றிவிட்டது, இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்து நிம்மதியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை டாக்டர் அனுப்பிவிட்டார். நிம்மதியாம்! அவர் கைக்குக் கீழே வேலை பார்க்காத குடும்பமே அந்தத் தெருவில் கிடையாது. ஆகவே தெரு முழுக்க வைத்தியர்கள்.

தேவமணி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கிற கொஞ்ச நாளும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அழுகை வந்தால் அழ வேண்டும். அதற்குக்கூட இந்தப் பாவிகள் விடவில்லை.

சண்டை எதற்கு என்று பாலை வாங்கி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். மறுநாளே பலன் கேட்க வந்துவிட்டார் சோணைமுத்து. அய்யா முகத்தில் தெளிச்சி தெரிகிறது என்று அவராகவே சொல்லிக்கொண்டு, இனிமேல் அலைய வேண்டாம் பாருங்கள் என்று கழுதையையே வாசலில் கட்டிவிட்டுப் போனார். அது கத்திய கத்தில், அதுவரை வராதவர்களும் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

அடுத்து டீச்சர் ஒரு பொய் சொன்னாள். மதுரையிலிருந்து பெரிய டாக்டரே வந்து பார்க்கிறார், வேறு யார் மருந்தும் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்று. கெட்டது போங்கள்! மூட்டுவலிக்காரர், மூலக்காரர், பிள்ளையில்லாத தம்பதி என்று அந்த டாக்டரைப் பார்க்க வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. டாக்டர் வரவில்லை என்று தெரிந்ததும், வந்ததுதான் வந்தோம் என்று உள்ளே போய் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அத்தனை பேருக்கும் காப்பி போட்டு மாளவில்லை அவளுக்கு. செல்வநாயகம் சுவர்ப்பக்கம் திரும்பி, தோள் குலுங்கப் படுத்துக் கிடந்தார். வலியில் துடிக்கிறார் மனுஷர் என்று அவளுக்கு நெஞ்சு பதறியது.

இதை விடக்கூடாது என்று விருதுநகர் மிளகாய் வத்தலில் நல்ல காரமாக இரண்டு கை அள்ளி, வாசலில் தணல் சட்டியில் கொட்டினாள். காற்று தெருப்பக்கம் அடித்தது. தும்மிக்கொண்டே எல்லோரும் ஓடியதென்னவோ உண்மைதான். ஆனால், டீச்சரம்மா போர்மேனுக்குத் திருஷ்டி கழிக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. வத்தல் இவ்வளவு நெடி அடித்தால் கண்ணேறு இல்லை என்று அர்த்தமாம். அப்படியானால் மருந்துதான் சரி என்று முடிவு கட்டி, இரண்டு பங்கு வேரும் பட்டையும் வந்து சேர்ந்தன.

வேதக்கார வீட்டில் திருஷ்டியா என்று சபை மூப்பர் நேசகுமார் பைபிளோடு வந்தார். கண்டித்தார், நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்ன கையோடு, ஏழாயிரம்பண்ணையில் ஒருவர் கைகண்ட லேகியம் தருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் கம்பெனியில் திரி சுற்றுகிற வேலுத்தாய் ஒரு குப்பியோடு வந்தாள். தேவமணி இரண்டு கையாலும் வாசல் நிலையைப் பிடித்து வழியை மறித்துக்கொண்டாள்.

"போதும் வேலுத்தாயி. அவுக போகப் போறாகன்னு எனக்குத் தெரியும். அவுகளுக்கும் தெரியும். ஒங்களுக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

வேலுத்தாய் குப்பியைக் கீழே வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்களுக்கும் தெரியுந்தாம்மா. அய்யாதான் ஆளுக்கொரு நாளா எங்களுக்கு முறை போட்டு விட்டிருக்காக. 'அவளச் சும்மா விட்டா எம் மூஞ்சியப் பாத்து அழுதே கரைஞ்சிருவா, தெனமும் யாராச்சும் போயி நல்லாக் கோவத்தக் கெளப்பிட்டு வாங்க'ன்னு."