எங்கள் தெருவில் நடந்த குளச்சல் போர்

தம்பானூர்ப் பக்கத்தில் மீன் விற்ற பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் தினமும் காலையில் டச்சுக்காரனைத் தோற்கடித்துவிட்டு, அதன் பிறகே மீனை நிறுத்துக் கொடுத்தவள் ஒருத்திதான். எங்கள் தெருவில் அவளுக்குப் பேர் கப்பித்தான், அதாவது படைத்தலைவன். பெற்றவர்கள் வைத்த பேர் யாருக்கும் தெரியாது. கேட்கவும் பயம்.

அவளுக்குச் சொந்த ஊர் குளச்சல். அந்தக் காலத்தில் டச்சுக்காரன் கப்பலில் வந்து அங்கே இறங்கினபோது, திருவிதாங்கூர் மகாராஜா படையோடு போய் அவனை மடக்கினாராம். துடுப்பைத் தோளில் சாத்திக்கொண்டு, துப்பாக்கிப் பட்டாளம் மாதிரி கரையில் நின்ற மீனவர்களில் முன்வரிசைக்காரன் தன் பாட்டனுக்குப் பாட்டன் என்பாள்.

"எங்க ஆளு மட்டும் நிக்கலேன்னா, நீங்க எல்லாரும் இப்ப டச்சு பேசிட்டு இருப்பிய, கேட்டியளா."

போரை அவள் அகன்ற மீன் சருவத்திலேயே நடத்திக் காட்டுவாள். நெய்மீன் டச்சுக்காரன். ஆள் கொஞ்சம்தான். ஆனால் பீரங்கி உண்டு, பழக்கம் உண்டு, அவர்களுடைய கப்பித்தான் ஒரு சொல் சொன்னால் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். சாளை மகாராஜா படை. நடுவில் காலாள், பின்னால் குதிரை, கடலோரம் துடுப்புக்காரர்கள். லாட்ஜில் அறை பெருக்கும் நான், வேலைக்கு நேரமாகிறதே என்று தவித்துக்கொண்டு நிற்பேன். வாய் திறக்க வராது.

ஒரு நாள் தையல்கடை அண்ணாச்சி, "கால் கிலோ சாளை போடு" என்று கை நீட்டினார்.

"கையை எடும் ஓய். அது இடது பக்கத்துப் படை. இப்ப எடுத்தா டச்சுக்காரன் பூந்திருவான்."

"அப்ப நெய்மீன் தா."

"கைதியை விக்கப்பிடாது."

மனிதர் அன்று முட்டை வாங்கிக்கொண்டு போனார்.

ஆற்றுக்கால் பகவதிக்குப் பொங்கலிடும் பொங்காலை அன்று இந்த ஊர்த் தெருவெல்லாம் பெண்களின் அடுப்புதான். முன்தினமே மூன்று செங்கல் போட்டுவிட்டால் அந்த இடம் நமக்கு. மகளுக்கு வயிற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் பொங்காலை இடுகிறேன் என்று அந்த வருஷம் நான் நேர்ந்திருந்தேன். பிள்ளை தேறியும்விட்டாள். பானை பொங்கி வழிந்தால்தான் நேர்ச்சை தீரும்.

மரத்தடியில் செங்கல் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அவை சாக்கடை ஓரம் கிடந்தன. மரத்தடி முழுக்கப் புது பிளாட்டுக்காரப் பெண்களின் செங்கல். அவர்களுக்குத் தலைவி ஒரு ரிட்டயர்டு டீச்சர். கழுத்தில் விசில் வேறு.

"யாருடி உன் கல்லை எடுத்தது?" என்றாள் கப்பித்தான்.

டீச்சர் பக்கம் கையைக் காட்டினேன்.

எங்கள் லைன்வீட்டுப் பெண்கள் கொஞ்சம் பேர்தான். என் தங்கச்சியும் அவளோடு தேயிலைத் தோட்டத்துப் பெண்களும் போனக்காட்டு மலையிலிருந்து மறுநாள் காலை பஸ்ஸில்தான் வருவார்கள். கப்பித்தான் யோசிக்கவே இல்லை. ஆளுக்கொரு நீளக் கரண்டியைத் தோளில் சாத்தச் சொன்னாள். தெருமுனையில் நுழைந்து, டீச்சரின் கண்ணெதிரே நடந்து, பால்பூத் சந்து வழியாகச் சுற்றி, மறுபடியும் அதே முனையில் நுழைய வேண்டும். தலைப்பை ஒரு சுற்று தலையில் போட்டுக்கொண்டும் மறு சுற்று இடுப்பில் செருகிக்கொண்டும் நடந்தோம். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"பகவதீ, இத்தனை பேரோ? வரிசை தீரவே இல்லையல்லோ."

அவர் ஒதுங்கிக்கொள்ள, என் செங்கல் மரத்தடிக்குத் திரும்பியது. கப்பித்தான் மட்டும் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த டீச்சர் கொதும்பு அத்தனையும் ஒரே இடத்துல குவிச்சிருக்கா, பாத்தியா? டச்சுக்காரனும் வெடிமருந்தை அப்படித்தான் வச்சான். ஒரு குண்டு விழுந்து மருந்தும் போச்சு, பக்கத்துல இருந்த அரிசியும் போச்சு."

கொதும்பு என்றால் காய்ந்த தென்னம்பாளை. பொங்காலைக்கு அதுதான் விறகு.

காலையில் போனக்காட்டுப் படை வந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில், பொங்காலைக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரியின் குழாய் பிய்த்துக்கொண்டு, நேராக டீச்சரின் குவியல்மேல் பீய்ச்சியடித்தது. அங்கே ஒரு பாளைகூட நனையாமல் தப்பவில்லை. எங்கள் வரிசையில் ஒரே சிரிப்பு. கப்பித்தான் சிரிக்கவில்லை.

"எடியே, உன் கொதும்புல பாதியை டீச்சருக்குக் கொடு."

என்னிடம் இருந்ததே ஒரு பானைக்குத்தான் காணும். பொங்காமல் போனால் என்ன செய்வேன்?

"அக்கா, என் மக..." என்றேன். அவளை எதிர்த்து நான் பேசியது அவ்வளவுதான்.

"தோத்த கப்பித்தானை மகாராஜா என்ன செய்தாரு? தூக்குலயா போட்டாரு? தன் படையைப் பழக்க அவனையே வச்சாரு. கொடுடி."

கொடுத்தேன். எங்கள் வரிசையில் மற்றவர்களும் பாதியைப் பிரித்துக் கொடுத்தார்கள். கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு மாறி எங்கள் தெருவுக்கும் வந்தது. டீச்சர் தன் பானையைப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, என் அடுப்பருகே குந்தி, சுளகை வாங்கி விசிறினார். புகையில் அவர் கண்ணாடியே கறுத்துப்போனது. என் கடைசிப் பாளை எரிந்து முடிகிற நேரத்தில் பானை பொங்கி நாலா பக்கமும் வழிந்தது. டீச்சர் விசில் ஊதினார். தெருவே குரவையிட்டது.

அடுத்த வருஷம் முதல் இரண்டு வரிசைக்கும் டீச்சர்தான் தலைவி. நியமித்தது கப்பித்தான்.

அன்று நிவேத்தியம் முடிந்ததும் முதல் கரண்டிப் பாயசத்தை அவளிடம் நீட்டினேன். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. தனக்கென்று ஒரு பானை வைக்காதவள், காலையிலிருந்து வெயிலில் எங்களுக்காக நின்றிருந்தாள்.

"முதல்ல படை திங்கட்டு. தலைவனுக்குக் கடைசிக் கரண்டி போதும்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அவள் குளச்சல் கல்லறைத் தோட்டத்தில் கடலைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எங்கள் தெருப் பெண்களுக்கு இப்படி ஒரு படைத்தலைவி இருந்தாள் என்று சொல்ல மட்டும் எனக்குக் கூச்சமே கிடையாது. ஒவ்வொரு பொங்காலைக்கும், எல்லாரும் சாப்பிட்ட பிறகு, பானை அடியில் ஒரு கரண்டியை வழிக்காமல் வைத்திருக்கிறேன்.