மருமகள் தோலுக்கு வாங்கிய சன்ஸ்கிரீன்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். நான் எழுதினால் வரி மேலே ஏறும், கீழே இறங்கும். பாதி சொல்லும்போதே மீதி மறந்துவிடும். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வேர்க்கிறது, சிரிப்பும் வருகிறது, ரெண்டும் ஒரே நேரத்தில்!

கூச்சப்படுகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தப்பு. கூச்சக்காரிதான் கடுகளவு பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற மலையளவு பொய் சொல்லுவாள். நானே சாட்சி.

நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எனக்கு வேலை. மரவள்ளிக்கிழங்கை அரைத்து எடுத்த ஈர மாவைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, காயக் காயக் கிளறிவிட வேண்டும். களம் முழுக்க வெள்ளை. மேலே ஒரு சூரியன், மாவில் பட்டுக் கீழேயிருந்து தெறிக்கிற இன்னொரு சூரியன். பல வருஷமாக இந்த ரெண்டுக்கும் நடுவில் நின்றதில் என் ரெண்டு கன்னத்திலும் கறுப்பாக மங்கு விழுந்துவிட்டது. மகன் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் படத்திலும் என் முந்தானை இருக்கும், முகம் இருக்காது.

அப்போதுதான் மகள் மாலதிக்குத் தியாகதுருகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ஏற்கெனவே வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இந்தப் பையனை மாலதிக்குப் பிடித்துவிட்டது. (கேட்டால் “உன் இஷ்டம்மா” என்பாள். ஆனால் செல்போனில் அவன் போட்டோவை விரல் வைத்துப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன்.) சம்பந்திகள் முன்னால் நான் முகத்தை மூடிக்கொண்டு நின்று, அதனால் ஏதாவது கெட்டுப்போனால்?

ஆஸ்பத்திரிக்குப் போனேன். “மங்கு சட்டுனு போகாதும்மா. முதல்ல வெயில்லேருந்து காப்பாத்துங்க, சன்ஸ்கிரீன் போடுங்க” என்றார் டாக்டரம்மா. முதல் பாதியை என் காது வாங்கவே இல்லை. சன்ஸ்கிரீன்! பெயரே பிரமாதமாக இருந்தது. நாலு நாளில் முகம் பளபளக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன்.

அது பாய் கடை. பகலில் அவர் மகள் ஷபானா இருப்பாள். கூட்டம் குறையட்டும் என்று வெளியிலேயே நின்றேன். கூட்டம் போனதும் உள்ளே போய்த் தைரியமாகக் கேட்டேன், “ஊக்கு குடு பாப்பா.”

ஊக்கு வந்தது. அப்புறம் சீப்பு. அப்புறம் ரப்பர் பேண்டு. (என் கொண்டைக்கு ரப்பர் பேண்டு எதற்கு?)

“வேற இன்னாம்மா வேணும்?”

“வெயிலுக்குத் தடவுறாங்களே... லேசா, கம்மி வெலையில...”

“சன்ஸ்கிரீனா? அத சொல்றதுக்கா இவ்ளோ நேரம்! யாருக்கும்மா?”

அறுபது வயசுக்காரிக்கு என்று எப்படிச் சொல்வது? வாயில் வந்துவிட்டது. “மருமவளுக்கு.”

“அவங்க தோலு எப்பிடி? எண்ணெ வழியுமா, வறண்டு கெடக்குமா? எண்ணெத் தோலுக்கு ஜெல்லு, லேசா இருக்கும். வறண்ட தோலுக்கு கிரீமு. மாத்திப் போட்டா வேலைக்காவாது.”

என் முகத்தில் வழிகிற எண்ணெயில் அப்பளம் பொரிக்கலாம். ஆனால் மருமகள் கஸ்தூரிக்கு அப்படியில்லை. குளித்துவிட்டு வந்தால் அவள் கையில் நகத்தால் கோலம் போடலாம், வெள்ளை வெளேரென்று விழும். பொய்யிலும் ஒரு நேர்மை வேண்டாமா? “வறண்ட தோலுதாம்மா” என்றேன்.

விலை கம்மியாக ஒரு கிரீமை எடுத்து வைத்தாள். “மொதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவி ஒரு நாள் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு வெரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் போடணும்.”

காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க நேரம் ஏது? வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். ரெண்டு விரல் நீளம். அப்போதுதான் யோசனை வந்தது. ரெண்டு விரல் ஊருக்கெல்லாம் இருக்கிற ஒரு சூரியனுக்கு. எனக்கு ரெண்டு சூரியனாயிற்றே! கீழே இருக்கிற சூரியனுக்கும் சேர்த்து இன்னொரு ரெண்டு விரல் அப்பிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் கொஞ்சம் வெளுப்பாக, கொஞ்சம் ஊதாவாக இருந்தேன். அழகு வருகிற வழி இதுதான் போலிருக்கிறது என்று சந்தோஷமாகக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கென்று கல்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று வீசியது. களத்து மாவு எழுந்து பறந்தது. பறந்த மாவுக்கு உட்கார ஒரு இடம் வேண்டும். என் முகத்தில் எண்ணெய், எண்ணெய்க்கு மேல் கிரீம், கிரீமுக்கு மேல் வேர்வை. இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

கூட வேலை செய்கிற பட்டம்மாதான் முதலில் பார்த்தாள். “யக்கா! இன்னாக்கா இது, பஜ்ஜிக்குத் தோச்ச வாழக்கா மாதிரி வந்து நிக்கிற!”

முந்தானையால் துடைத்தேன். முந்தானையிலும் மாவு. தண்ணீரை அள்ளி அடித்தேன். களத்துக்காரி நானே அந்தத் தப்பைச் செய்யலாமா? ஈரமான மாவு வெயிலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? கொஞ்ச நேரத்தில் முகம் இறுகிவிட்டது. புருவத்தைத் தூக்கினால் நெற்றியில் விரிசல் விட்டது. பட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, தேங்காய் எண்ணெய் வாங்கி வருகிறேன் என்று போனாள்.

அவள் போனதும் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் களத்துக்கு வந்தார். பட்டுக்கரைச் சேலை, முகத்தில் பவுடர்.

“ஏம்மா, மாலதின்னு ஒரு பொண்ணு. அதோட அம்மா இங்க வேல செய்றாங்களாமே, தெரியுமா?”

“தெ... தெரியுமுங்க.”

“நாங்க தியாகதுருகம். எம்புள்ளைக்கு அந்தப் பொண்ண பாத்துக்கினு இருக்கோம். வூட்டுல கேட்டா வூட்டாளுங்க நல்லதாத்தான் சொல்லுவாங்க. கூட வேல செய்றவங்கள கேட்டாத்தான் உண்ம வரும். அந்தம்மா எப்பிடி?”

பெண் பார்க்கும் முன்னால் இப்படிச் சத்தமில்லாமல் விசாரிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அந்த நேரத்தில் “நான்தாங்க அது” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பஜ்ஜி வாழைக்காயாக நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது?

“அந்தம்மாங்களா? தங்கமுங்க!” என்றேன்.

அய்யய்யோ, அதற்கப்புறம் என் வாயை என்னாலேயே நிறுத்த முடியவில்லை! பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர் பேர் சொல்லக் கூச்சப்படுகிறவள் நான். முகத்துக்கு மேல் ஒரு முகம் இருந்ததும் எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பேச்சு! “மருமவள ஒரு சொல்லு சொன்னதில்லீங்க. அந்தம்மா வைக்கிற கருவாட்டுக் கொழம்புக்கு இந்தக் களமே அடிமைங்க. பொறுமைன்னா பொறுமை, பூமாதேவிங்க!” பேசப் பேசக் கன்னத்திலிருந்து மாவுச் சில்லு உதிர்ந்தது.

அந்த அம்மாள் கண்ணைச் சுருக்கினார். “ஒரு கொறையும் இல்லாத மனுஷி ஒலகத்துல ஏதும்மா?”

பயந்துபோனேன். நம்புகிற மாதிரி ஒரு குறை சொல்லியாக வேண்டுமே. “கொறன்னா... மூஞ்சில மங்கு கொஞ்சம் ஜாஸ்திங்க. அதுக்காக ரொம்ப வெக்கப்படுவாங்க.”

“இது ஒரு கொறையா? இத பாரு.” அந்த அம்மாள் கைக்குட்டையால் பவுடரைத் துடைத்துக் கன்னத்தைக் காட்டினார். என்னுடையதைப் போலவே மங்கு, அதோடு வறண்டுபோய்ச் செதில் செதிலாக. “உம்பேரு இன்னாம்மா?”

“பட்டம்மாங்க.” (பட்டம்மா, என்னை மன்னித்துவிடு.)

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய முகத்தோடு நின்றேன். மங்கு முழுசாகத் தெரிந்தது. இப்போது அதைப் பற்றியெல்லாம் கவலையே இல்லை. என் கவலை குரலைப் பற்றி! வாயைத் திறந்தால் அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். “வாங்க” என்பதற்குக் கும்பிட்டேன். “உட்காருங்க” என்பதற்குக் கையைக் காட்டினேன். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டினேன்.

அந்த அம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டார். “அமைதியான மனுஷின்னுதான் சொன்னாங்க. ஒரு வார்த்த கூடவா பேசக்கூடாது? பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. நாங்க கெளம்புறோம்.”

கதவோரம் நின்ற மாலதியைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் கூச்சமாவது மண்ணாவது!

“அய்யோ, இஷ்டந்தாங்க! போயிடாதீங்க!” என்று கத்தினேன்.

அந்த அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். “இந்தக் கொரலு... இது பட்டம்மா கொரலாச்சே!”

அவ்வளவுதான். ஊக்கு வாங்கியது, மருமகள் தோல், நாலு விரல் கிரீம், மாவு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். கஸ்தூரிதான் முதலில் வாயைத் திறந்தாள். “அத்தை, ஊருக்குள்ள போய் எந்தோலப் பத்தியா சொன்னீங்க?”

உடனே அந்த அம்மாள் சிரித்தார் பாருங்கள்! காப்பி மூக்கில் ஏறி, இருமி, மறுபடியும் சிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “தன்னப் பத்தி விசாரிக்க வந்தவகிட்ட தங்கொறைய தானே சொன்னவ இவ ஒருத்திதான்டா” என்று பையனிடம் சொன்னார். “பொய் சொல்லத் தெரிஞ்சவளா இருந்தா மங்கு இருக்குறத ஏன் சொல்லப்போறா? பூவ எடுங்க, வெச்சுட்டுப் போயிடலாம்.”

மாலதி தலையில் பூ ஏறியது. போட்டோ எடுத்தார்கள். நான் முந்தானையை இழுக்க மறந்துபோய் நேராகவே நின்றுவிட்டேன்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா ரகசியமாகக் கேட்டார், “அந்தக் கிரீமு மீதி இருக்குதா? வறண்ட தோலுக்குன்னியே.” கஸ்தூரி, “அது என் பேர்ல வாங்குனதுங்க” என்று குறுக்கே வந்தாள். கடைசியில் சம்பந்தியம்மாதான் கொண்டுபோனார். அவர் தோலுக்கு அது அவ்வளவு பொருத்தம். பவுடரை விட்டே விட்டார்!

மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு ஓடினேன். “எனக்குத்தாம்மா சன்ஸ்கிரீன். எண்ணெத் தோலு” என்றேன், கடை முழுக்கக் கேட்கும்படி. ஷபானா கொடுத்த ஜெல் தண்ணீர் மாதிரி இருந்தது. தடவினால் தடவின இடம் தெரியாது, பிசுபிசுப்பு இல்லை, விலையும் கம்மி. இப்போது காலையில் ஒரு தடவை, மதியம் முகம் கழுவிவிட்டு ஒரு தடவை. காற்றடிக்கிற நாளில் மேலே ஒரு மெல்லிய துணியும் கட்டிக்கொள்கிறேன். மங்கு போகவில்லை. ஆனால் புதுசாகப் பரவவும் இல்லை.

எங்கள் வீட்டில் இதுவே ஒரு பழமொழியாகிவிட்டது. மருமகன் பழைய வண்டி ஒன்றை விலை பேசப் போனபோது, வண்டிக்காரன் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருக்கிறான். மருமகன் சிரித்துவிட்டு, “எங்க மாமியாரப் பத்தி எங்க மாமியாரையே விசாரிச்ச மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சம்பந்தியம்மா இன்றைக்கும் என்னைப் பட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார். நிஜப் பட்டம்மா இருக்கிற இடத்தில் கூப்பிட்டால் ரெண்டு பேரும் திரும்புகிறோம்.

களத்தில் என்னைப் பற்றி இன்னும் என்னென்னவோ சொன்னேன். கருவாட்டுக் குழம்புக்கும் பூமாதேவிக்கும் அப்புறம் சொன்னது எனக்கு நினைவில்லை. சம்பந்தியம்மாவுக்கு ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. யாராவது அவரிடம் இதைப் படித்துக் காட்டி, சரியா தப்பா என்று கேட்டுத் திருத்திவிடுங்கள். தயவுசெய்து என்னிடம் மட்டும் விசாரிக்காதீர்கள்.