பதினான்கு வேளைச் சாப்பாடும் ஒரு படமும்

எதைப் பார்த்தாலும் அது எவ்வளவுக்கு முடிந்திருக்கும் என்று சொல்லாமல் இடத்தை விட்டு நகராத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஓசூரில், நான் வேலை பார்த்த லேத் கம்பெனியில் இருந்தார். மாதாமாதம் அவருடைய சம்பளச் சீட்டைத் தயாரித்தவள் நான்தான். ஆனாலும் எல்லோரையும் போல எனக்கும் அவர் கொட்டேஷன் அண்ணன்தான்.

வாடிக்கையாளர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினால், இரும்பு இவ்வளவு, மிஷின் நேரம் இவ்வளவு, கை துடைக்கும் பஞ்சு உட்பட இவ்வளவு என்று அண்ணன் கணக்குப் போட்டுக் கொடுப்பார். அதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. முதலாளி மகள் கல்யாணத்தில் மொய்க் கவரை நீட்டிக்கொண்டே மேடையை ஒரு நோட்டம் விட்டார். "முன்னாடி மட்டுந்தான் ரோஜா. பின்னாடி பூரா பிளாஸ்டிக்கு. டெக்கரேஷன்காரன் எழுபதாயிரம்னு சொல்லியிருப்பான். நாப்பதுக்கு மேல ஒரு ரூவா ஆவாது" என்றார். அந்தக் கல்யாணப் போட்டோவில் முதலாளி மட்டும் சிரிக்காமல் நிற்பது அதனால்தான்.

நான் சிங்காரப்பேட்டைப் பக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பி.காம்., முதல் வகுப்பு. அதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அந்தப் படிப்பெல்லாம் சேர்ந்தும் அண்ணன் விஷயத்தில் என்னைக் காப்பாற்றவில்லை. அவரோடு வேலை பார்த்த இரண்டு வருடமும் என் வாய் பெரும்பாலும் திறந்தே இருந்தது. பேசுவதற்காக அல்ல, அதிர்ச்சியில்.

சினிமாவுக்குப் போனாலும் அவர் சிரிக்க மாட்டார். ஒருமுறை கம்பெனியோடு ஒரு குடும்பக் காமெடிப் படத்துக்குப் போனோம். தியேட்டரே உருண்டு புரண்டு சிரிக்கிறது. இவர் பாக்கெட் டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

"ஒரே வூடு. ஆறு ஆளுங்கோ. அதே சோபா. இதுக்கு எதுக்கும்மா கோடிக்கணக்குல செலவு? நான் செஞ்சா ஆறு லட்சத்துல முடிச்சிருவன்."

"செய்ங்கண்ணா" என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். பி.காம். படித்தவள் சொல்லக்கூடாத சொல் அது.

அடுத்த மாதம் அவர் ஜூஜுவாடியில் வாங்கிப் போட்டிருந்த மனைப் பத்திரத்தை ஒரு பைனான்ஸ்காரரிடம் வைத்து ஆறு லட்சம் வாங்கி வந்துவிட்டார். ஆறு மாதத்தில் வட்டியோடு திருப்பாவிட்டால் மனை போய்விடும். அவர் மனைவி சாந்தி அக்கா பதினோரு வருடமாக வாடகை லைன் வீட்டில், எட்டுக் குடும்பத்துக்கு ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர். அந்த மனையில் அவர் மனதுக்குள் சமையலறை வரைக்கும் கட்டி முடித்திருந்தார்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டேன்.

"சொன்னன். கேட்டுட்டு, நீ இப்ப கத்துனதுக்கு எவ்ளோ செலவுன்னு கணக்குச் சொல்றாரும்மா" என்றார் அக்கா.

கல்யாண வீடியோ எடுப்பவர்தான் டைரக்டரும் கேமராமேனும். நடிகர்கள் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து நாடகக் குழு. கணக்குக்கு நான். முதல் நாளே அண்ணன் லேத் வேலையின் சட்டங்களைச் சினிமாவுக்குக் கொண்டுவந்தார். சட்டம் ஒன்று: ரீவொர்க் கிடையாது. ஒருமுறை எடுத்ததுதான் எடுத்தது. காதலைச் சொல்லும் இடத்தில் கதாநாயகி தும்மினாள். தும்மல் படத்தில் இருக்கிறது. சட்டம் இரண்டு: ஒரே மாதிரி வேலைகளை ஒரே பேட்ச்சாக முடிக்க வேண்டும். மிஷினில் ஒருமுறை செட்டப் போட்டால் அந்த அளவு உருப்படி எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தானே கழற்றுவார்கள்?

படத்தின் கதைப்படி ஒரு குடும்பம் மூன்று வருடத்தில் பதினான்கு வேளை சாப்பிடுகிறது. பதினான்கையும் அண்ணன் ஒரே நாளில் எடுத்தார்.

சாந்தி அக்காதான் சமையல். ஒரே அண்டா சாம்பார். காலை ஏழு மணிக்கு மூத்த மகள் நிச்சயதார்த்த விருந்து. எட்டு மணிக்கு அவள் தலைதீபாவளி. ஒன்பதரைக்கு அவள் கோபித்துக்கொண்டு வந்த நாள். சட்டை மாற்றினால் நேரம் போகும் என்று எல்லோருக்கும் ஒரே சட்டை. இரண்டாம் வேளையில் அப்பா வேஷக்காரர் மார்பில் சொட்டிய சாம்பார்க் கறை, கதைப்படி மூன்று வருடம் அங்கேயே இருந்தது. பதினோராவது வேளைக்கு இலை போட்டதும் அந்த மனிதர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அண்ணா, உட்டுருங்கண்ணா. வாய அசைக்கிறன், போதாதா?"

"குவாலிட்டி செக்குல மாட்டிக்கும். துன்னு."

படம் முடிந்தது. அண்ணன் வசூல் கணக்கைப் பெருமையாக என்னிடம் நீட்டினார். சீட்டு, காட்சி, நாள் எல்லாம் பெருக்கி, காகிதத்தில் மூன்றே வாரத்தில் ஜூஜுவாடியில் மாடி வீடு எழும்பியிருந்தது. நான் ஒருமுறை பார்த்தேன்.

"அண்ணா, தியேட்டர்காரங்க பங்கு எங்க?"

"அவுங்களுக்கு எதுக்குப் பங்கு? படம் என்னுது."

"கட்டடம் அவங்களுதுண்ணா!"

பஞ்சுக்குக் கூடக் கணக்குப் போடும் மனிதர், பாதி வசூலை மறந்திருந்தார். அவர் அதிர்ந்து நான் பார்த்தது அன்றுதான். வரி போக நூறு ரூபாய் டிக்கெட்டில் நமக்கு ஐம்பது. கடனும் வட்டியும் சேர்த்து ஆறரை லட்சம். பதிமூன்றாயிரம் பேர் வர வேண்டும். அவர் அந்தக் கணக்குத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "சாந்திக்குச் சொல்லாத" என்றார்.

ஓசூரில் ஒரு தியேட்டரில் படம் வெளியானது. தியேட்டர்காரர் கணக்கை நம்பக்கூடாது என்று, ஒவ்வொரு காட்சிக்கும் என்னை வாசலில் நிறுத்தினார். கடைசி ஆள் நுழைந்து கால் மணி நேரம் கழித்துத்தான் நான் உள்ளே போகலாம்; அதற்குள் டைட்டில் ஓடி முடிந்திருக்கும். முதல் காட்சிக்கு முப்பத்தொரு பேர். அதில் இருபத்திரண்டு பேர் எங்கள் கம்பெனி. சிரிப்புக் காட்சி ஒவ்வொன்றும் மயான அமைதியில் கடந்தது. சாந்தி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது சாப்பாடு வந்தது. பின்வரிசையில் ஒரு குரல்: "டேய், அதே சாம்பார்டா!"

ஐந்தாவதில் அத்திப்பள்ளியிலிருந்து வந்த ஒருவர் கன்னடத்தில் அலறினார்: "மத்தெ ஊட்டானா!" மறுபடியும் சாப்பாடா என்று. தியேட்டர் வெடித்தது. ஒன்பதாவதில் அப்பா வேஷக்காரர் சோற்றைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது நடிப்பு இல்லை, பீதி. மருமகன் இறந்துவிட்டதாகத் தந்தி வரும் சோகக் கட்டத்தில் கேமரா மெதுவாக இலைப் பக்கம் திரும்பியதும் ஒருவர் நாற்காலியிலிருந்து விழுந்தார்.

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. "அது சென்டிமென்ட் சீனும்மா. எதுக்கு சிரிக்கறானுங்கோ?"

"சிரிக்கட்டும்ணா. தலைக்கு அம்பது ரூவா" என்றேன்.

பேச்சு பரவி, கம்பெனிகளில் முதல் ஷிப்டு விட்டதும் ஆட்கள் வண்டி வண்டியாக வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டை எண்ணுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று மொழியிலும் பதினான்கு வரை எண்ணினார்கள். நான் வாசலில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் பத்திரம் திரும்பி வந்தது. சாந்தி அக்கா அதை வாங்கி, முதல் வேலையாக அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தார். அண்ணனுக்கு இனி அது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

கடைசிக் காட்சிக்கு விற்றுத் தீர்ந்த டிக்கெட்டையும் சேர்த்து நான் கணக்கை முடித்தேன். நிகர நட்டம் ஆயிரத்து நானூறு. மனம் ஆறவில்லை. என் முதல் படம் நட்டத்திலா முடிய வேண்டும்? செலவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். 'தனி கார்டு, 1,500' என்று அண்ணன் கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைத்தது.

"இது என்னாண்ணா தண்டச் செலவு? இது இல்லன்னா நூறு ரூவா லாபம்!"

டைட்டிலில் ஒரு கார்டுக்கு இவ்வளவு என்று விலை என்பதால், கதாநாயகன் பெயரையே லைட் மேன், வேன் டிரைவர் பெயர்களோடு ஒரே கார்டில் அடைத்தவர் இவர். இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கடைசி ஷோ. நீ எண்ண வேணாம். உங்கம்மாவக் கூட்டினு வந்து மொதல்லயே உள்ள உக்காரு."

அம்மா சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். விளக்கு அணைந்தது. பத்துப் பன்னிரண்டு பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரே கார்டில் ஓடி மறைந்தன. பிறகு திரை முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு வரி, அசையாமல் நின்றது.

கணக்கு: மா. அலமேலு, பி.காம்.

எழுத்துத் தெரியாத அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்துப் பதறினாள். "ஏன்டி அழுவற? படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே?"

அந்தப் படத்தின் நட்டத்துக்கு நான்தான் காரணம். அந்தக் கணக்கை மட்டும் நான் இன்றுவரை திருத்தவில்லை.