மெரினாவில் ஏழாமவர்

சிவமயம்

சைகோன் ஆற்றுத் தீவு,
படகுத்துறை, வியட்நாம்.

கண்டனூரில் நம் வீட்டையும் என் அறைச் சாவியையும் காத்துவரும் தம்பி ஏகப்பனுக்கு அண்ணன் சொக்கநாதன் ஆசி கூறி எழுதுவது. நீயும் ராக்கம்மையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகன் அருள்வானாக. என் சுகம் ஆற்றைப் பொறுத்தது. தண்ணீர் ஏறினால் நானும் ஏறுகிறேன், வடிந்தால் வடிகிறேன். வாட்ஸப்பில் எழுதாததற்குக் காரணம் உண்டு. என் போன் மக்கர் செய்தால் முருகப்பன்தான் வாங்கிப் பார்க்கிறான். பெற்ற மகனே ஆனாலும் அவன் கண்ணில் படக் கூடாத விஷயம் இது.

உன் அண்ணி போய் வருஷம் திரும்பியதும் அவன் போனில் என்ன சொன்னான் தெரியுமா? "தனியா இருக்காதீக அப்பச்சி, இங்க வந்துருங்க. நான் இப்ப மெரினாவுல இருக்கேன்." மெரினா என்றால் நான் எதைக் கண்டேன்? மணல், சுண்டல், குதிரை, காற்று வாங்கும் கூட்டம். சாயங்காலம் நடக்க வசதி என்று புதுச் செருப்புகூட வாங்கினேன். வந்து பார்த்தால் மணலும் இல்லை, வீடும் இல்லை. இந்த ஊர் தூ டுக் பேட்டையில் இருந்த அருமையான ஃபிளாட்டை விற்றுவிட்டு ஒரு படகை வாங்கி அதிலேயே குடியிருக்கிறான்! கட்டிப்போட்ட படகுகள் வரிசையாக நிற்கும் துறைக்கு மெரினா என்று பெயராம். செருப்பையும் முதல் நாளே கழற்றச் சொல்லிவிட்டான், படகில் கோடு விழுமாம்.

மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று ஆற்றில் போனால் போதும், என் சாம்பார் தட்டைவிட்டு அவன் மடிக்குப் போய்விடும். நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் இடுப்பு பிடிக்கும். கக்கூஸ் போய்விட்டு வந்தால் தண்ணீர் விடக் கைப்பம்பு அடித்தே மறுபடி பசித்துவிடும். பக்கத்துப் படகில் மாதலேன் என்று ஒரு பிரெஞ்சுக்காரக் கிழவி. நான் பூஜைக்கு மணியடித்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதாக நினைத்துத் தட்டோடு வந்து நிற்கிறாள். இரண்டு முறை பொங்கல் கொடுத்தேன். இப்போது நான் மணியடிப்பதே இல்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் தம்பி. பொறுக்க முடியாதது துறைக் காவல்காரன் செய்ததுதான். தினமும் என்னைக் கண்டதும் "ஓங் பாய்! ஓங் பாய்!" என்று கும்பிடாத குறையாகக் கூப்பிட்டான். பட்டையாகத் திருநீறு பூசிய செட்டியாரைப் பார்த்து பாய் என்றால்? நம் ஊர் பாய்மார்மேல் எனக்கு மனத்தாங்கல் கிடையாது, ஆனால் ஆள் யாரென்று ஒரு கணக்கு வேண்டாமா? நெற்றியைத் தொட்டுக் காட்டி, "நோ பாய்! நோ பாய்!" என்றேன். அவன் ஏதோ அழுக்கென்று நினைத்து ஈரத்தாள் கொண்டுவந்து துடைக்க வந்துவிட்டான்.

முருகப்பனிடம் முறையிட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "ஏன் கோவப்படுறீக அப்பச்சி? இவுக பாஷையில ஓங்னா ஐயா, பாய்னா ஏழு. நம்ம ஆளுகளை அந்தக் காலத்துலேருந்து ஏழாமவர்னுதான் கூப்பிடுவாக. மரியாதைதான்."

"அப்ப ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் யாருடா?"

"அது எனக்குத் தெரியாது" என்றுவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். எனக்குத் தெரிந்துவிட்டது. படகு, எஞ்சின், கயிறு, மழை அறிக்கை, ஆபீஸ், துறையில் திரியும் அந்தச் சொறிநாய். அதற்கப்புறம் நான். காவல்காரன் கணக்கில் பிசகே இல்லை. ஒரு நாளாவது இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ராத்திரி தூங்குனீகளா?" என்று கேட்டதில்லை தம்பி. வயிறு எரிகிறது.

ஆகையால் நீ உடனே அவனுக்குப் போன் போடு. மழையில் இரண்டாங்கட்டு ஓடு சரிந்துவிட்டது, பெரியவர் வந்து நின்றால்தான் வேலை நடக்கும் என்று சொல். நான் சொல்லச் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அவன் லேசில் விட மாட்டான். சிரிக்கிறானே தவிர உள்ளுக்குள் பாசக்காரன், கண் கலங்குவான், ஒரு மாதம் போகட்டும் என்று கெஞ்சுவான். நீ மசிந்துவிடாதே.

ராக்கம்மைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் இங்கே கட்டிய முருகன் கோயிலில் உங்கள் எல்லோர் பேருக்கும் அர்ச்சனை செய்தேன்.

இப்படிக்கு,
மிதந்துகொண்டிருக்கும் உன் அண்ணன்
சொக்கநாதன்

பின்குறிப்பு: கூரியரில் சேர்க்குமுன் வாய் சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போது நானே சொல்லிவிட்டேன், ஓடு சரிந்துவிட்டதாம், போக வேண்டுமாம் என்று. "அப்படியா அப்பச்சி? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஃபிளைட் இருக்கு, போட்டுறவா?" என்றான். முகத்தில் ஒரு வெளிச்சம். கை கழுவிய ஈரம் காயுமுன் நான் படுக்கும் பலகையை டேப் வைத்து அளக்கிறான், அங்கே பேட்டரி வைக்கலாமாம். ஆகவே தம்பி, மேலே எழுதியதை மறந்துவிடு. நீ போன் போடு, ஆனால் ஓடு முழுக்கப் பிரித்துப் போட்டிருக்கிறது, அண்ணன் வந்தால் படுக்க இடமில்லை, வரவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல். கடிதம் கிடைத்த அன்றே, அந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு. அவன் எவ்வளவு கெஞ்சினாலும் என்னை ஏற்றுக்கொள்ளாதே.